மலையாண்டிக்கு நாலு தாய்

மலையாண்டிக்கு மொத்தம் நாலு தாய். ஒருத்தி பெற்றவள். மற்ற மூவரும் வைக்கோல். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். அந்த மூவராலும் அவன் பட்ட பாட்டைப் பக்கத்துக் கடையிலிருந்து பார்த்தவன் நான். எனக்குச் சிரிப்பு வரும், கூடவே எரிச்சலும் வரும்.

ஊர் நெடுங்கரைப்பட்டி, கானாடுகாத்தானிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். பஸ் நிறுத்தத்தை ஒட்டி அவனுக்கு ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவான், வாடகைக்கு சைக்கிள் விடுவான். கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நிலமும் உண்டு. அடுத்த கடை என்னுடையது, ராக்காயி ரேடியோஸ். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் மைக்செட், டியூப்லைட், ஜெனரேட்டர் என்னிடம்தான் வந்தாக வேண்டும். ராக்காயி என் அம்மா. அவள் அப்போது உயிரோடு, நல்ல தெம்பாக இருந்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் அது முக்கியம்.

மழை பொய்த்தால் எங்கள் பக்கம் கொடும்பாவி கட்டுவார்கள். ஊருக்குள் எவளோ ஒரு பெரும்பாவி இருக்கிறாள், அவளால்தான் வானம் மூடிக்கொண்டது என்று நம்பிக்கை. அவள் யாரென்று யாருக்கும் தெரியாது. அதனால் வைக்கோலில் ஒருத்தியைச் செய்து, மண்சட்டியில் கண் மூக்கு வரைந்து தலையாக வைத்து, சேலை கட்டித் தெருத் தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் மாரடித்து அழுவார்கள். கடைசியில் சுடுகாட்டில் கொண்டுபோய் எரிப்பார்கள். பாவி ஒழிந்தாள், இனி மழை வரும்.

எங்கள் ஊரில் இதில் கூடுதலாக ஒரு முறை. செத்தவளுக்கு மகன் வேண்டும். அவன் தலையையும் மீசையையும் மழித்துக் கொள்ளி வைக்க வேண்டும், பதினாறாம் நாள் கருமாதியும் செய்ய வேண்டும். அரைகுறையாகச் செய்தால் வானம் நம்பாதாம். ஆனால் தாய் உயிரோடு இருக்கிறவன் இன்னொரு தாய்க்குக் கொள்ளி வைக்கலாமா? கூடாது. எங்கள் ஊர்த் தாய்மார்கள் ஒருத்தி தவறாமல் கல்லுக்குண்டாக இருந்தார்கள். இளவட்டத்தில் தாய் இல்லாதவன் மலையாண்டி ஒருவன்தான்.

தொண்ணூற்றைந்தில் ஐப்பசி ஒரு தூறல்கூட இல்லாமல் போனது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊர்த் தலைவர் குருநாதன் அம்பலம் சைக்கிள் கடைக்கே வந்துவிட்டார்.

“நீதேன் ஆத்தா இல்லாத பய. மகனா நின்னு காரியத்தை முடிச்சுக் குடுத்துரு.”

“தையில எனக்குக் கல்யாணம் அம்பலம். பரிசம் போட்டாச்சு.”

“தைக்குள்ள மீசை வளந்துரும்ல.”

மலையாண்டிக்கு முடியாது என்று சொல்ல வராது. அது ஒரு நோய். ஒத்துக்கொண்டான்.

சுடுகாடு வரை நான்தான் மைக். “என்னை விட்டுட்டுப் போறியே ஆத்தா” என்று அவன் அழுதது மூன்று ஊருக்குக் கேட்டது. பயல் என்னமாய் நடிக்கிறான் என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். பெற்றவள் செத்தபோது இவன் சின்னப் பிள்ளை, அம்மை போட்டு வேப்பிலையில் கிடந்தான். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், கொள்ளி வைத்தது சித்தப்பா. முகத்தைக்கூடக் காட்டவில்லை. அந்த அழுகை அத்தனை வருடமாக உள்ளேயே கிடந்திருக்கிறது, வைக்கோலைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டது.

நல்லவேளையாக மழையும் பெய்தது. கண்மாய் பாதி நிறைந்தது. கருமாதிக்கு ஊருக்கே சோறு போட்டார்கள். எல்லாம் சுபம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கல்யாணத் தேதி பேச தேவகோட்டையிலிருந்து பெண்ணின் அப்பா வீரையா வந்து இறங்கினார். எதற்கும் முறை பார்க்கிற ஆள். இலையில் உப்பு இடம் மாறியிருந்தால் எழுந்துவிடுவார். மொட்டைத் தலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன மாப்ளே இது?”

“மழைக்காக மாமா. கொடும்பாவிக்கு மகனா நின்னேன்.”

“கொள்ளி வச்சீகளா?”

“வச்சேன்.”

“கருமாதி?”

“அதுவும் ஆச்சு.”

“அப்ப வருசம் திரும்பட்டும். சாவு விழுந்த வீட்டுல வருசத்துக்குள்ள நல்ல காரியம் ஆகாது.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, அது வெறும் வைக்கோலு” என்றேன்.

வீரையா என்னைத் திரும்பிப் பார்த்தார். “மழை பெஞ்சுச்சா, இல்லையா?”

“பெஞ்சுச்சு.”

“சாவு பொய்யின்னா மழை எப்படி வந்துச்சு? மழை நெசம்னா சாவும் நெசந்தேன். தீட்டுக்குள்ள என் மக கழுத்துல தாலி ஏற விடமாட்டேன்.”

கல்யாணம் அடுத்த வருடம் கார்த்திகைக்குத் தள்ளிப்போனது. பெண் அழகி பால்வாடியில் டீச்சர், பேருக்கேற்ற மாதிரியே இருப்பாள். மலையாண்டி தேவகோட்டைக்கு டியூப் வாங்கப் போகிறேன் என்று கிளம்புவான். வாரத்துக்கு ஒரு தடவை டியூப் வாங்கினான். அவ்வளவு பஞ்சர் எங்கள் ஊரில் விழவே இல்லை.

வருடம் திரும்பியது. மீசையும் திரும்பியது. ஐப்பசி மட்டும் மறுபடியும் வெயிலாகவே வந்தது. சித்திரையில் அடிக்க வேண்டிய வெயில் ஐப்பசியில் அடித்தது. அம்பலம் மறுபடியும் கடைக்கு வந்தார். இந்தத் தடவை மலையாண்டி, “வேற ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டான், எனக்கே ஆச்சரியம். அம்பலம் ஒவ்வொருத்தனாகக் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொருத்தனுக்குப் பின்னாலும் ஒரு தாய் வந்து நின்றாள். என்னைக் கேட்டபோது ராக்காயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “அவன் மொட்டை போட்டா நான் எங்குட்டுப் போயி சாகுறது?” என்று கேட்டாள். அம்பலம் என்னை விட்டுவிட்டார்.

மலையாண்டியின் கடலைச் செடி அவன் கண் முன்னாலேயே கருகியது. அதைப் பார்த்துவிட்டு வந்தவன் நேராக நாவிதர் முன்னால் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது தாயும் செத்தாள்.

மறு வாரம் மழை பிடித்தது. அதை மழை என்று சொல்வது தப்பு. ஒரு மாதத்துக்குப் பிரித்துப் பெய்ய வேண்டியது இரண்டே நாளில் வந்து விழுந்தது. காய்ந்து வெடித்திருந்த கரை அந்தத் தண்ணீரைத் தாங்கவில்லை, கண்மாய் உடைத்துக்கொண்டது. சைக்கிள் கடை போனது. வாடகை சைக்கிள்கள் அடுத்த ஊர் வயலில் கிடந்தன. ஒன்று கருவேல மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. என் குழாய் ஸ்பீக்கர் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கினோம். அங்கே ஊரின் கோபம் முழுக்க மலையாண்டி மேல் திரும்பியது. “அழுதவன் கொஞ்சம் அளவா அழுதிருக்கலாம்ல” என்றார் ஒருவர். “பதினாறாம் நாள் காரியம் ஆகல, அதேன் அவ போகாம இங்கனயே நின்னு ஊத்துறா” என்றார் இன்னொருவர். மலையாண்டி ஈரத் துண்டோடு எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, அதைப் பிழிந்துகொண்டிருந்தான்.

சாலமன் சார் அப்போதுதான் வாயைத் திறந்தார். தேவகோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் ஊர் மாதா கோயில் தெருக்காரர். பொதுவாக இந்த மாதிரி விஷயங்களில் தலையிட மாட்டார். அன்றைக்கு அவர் வீட்டு அரிசி மூட்டையும் நனைந்திருந்தது.

“இவன் அழுததுக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லப்பா. உலகமே சூடாகிக்கிட்டு வருது. கரி, டீசல், பெட்ரோல்னு எரிக்கிற புகை மேல போயி போர்வை மாதிரி மூடிக்கிருது. காத்து சூடாச்சுன்னா நெறைய ஈரத்தைக் குடிக்கும். மண்ணுல, கண்மாயில, செடியில இருக்கிறதையெல்லாம் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அதுதேன் வறட்சி. லேசுல கீழ விடாது. விட்டா மொத்தமா விட்டுரும். அதுதேன் வெள்ளம். ரெண்டும் ஒரே சங்கதி.”

“குடிச்சுக்கிட்டே இருந்துட்டு வீட்டு வாசல்ல வந்து வாந்தி எடுக்கிற மாதிரி” என்றேன் நான்.

“கிட்டத்தட்ட அப்படித்தேன்” என்றார் சார், கொஞ்சம் சங்கடமாக.

அம்பலம் தாடையைத் தடவினார். “அப்ப அந்தப் பாவி நம்ம ஊருக்காரி இல்லையா?”

“பாவின்னு ஒரு ஆள் இல்ல அம்பலம். அதிகமா எரிச்சது பெரிய பெரிய நாட்டுக்காரங்க.”

“அட கருமமே. அப்ப இத்தனை காலமும் ஆள் மாத்தியில்ல எரிச்சிருக்கோம்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எரித்தது எரித்ததுதான், அதற்குக் கருமாதியாவது முறையாக நடக்கட்டும் என்று ஊர் முடிவு செய்தது. பதினாறாம் நாள் முழங்கால் தண்ணீரில் கருமாதி நடந்தது. ஆம்ப்ளிஃபயரைக் கட்டிலில் வைத்து, ஜெனரேட்டரை மாட்டு வண்டியில் ஏற்றி, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் வெயில் அடித்தது. தேவகோட்டையிலிருந்து சேதி வந்தது: கருமாதி முடிந்த நாளிலிருந்து ஒரு வருடம். வீரையாவின் நம்பிக்கை இன்னும் பலமாகிவிட்டது.

மூன்றாவது ஐப்பசியைப் பற்றிச் சொல்லவே நாக்கு வறள்கிறது. கண்மாய்க்கரையை மண் போட்டு அடைத்து வைத்திருந்தோம், உள்ளே தண்ணீர்தான் இல்லை. கல்யாணம் கார்த்திகைக் கடைசியில், கருமாதி வருடம் திரும்பிய கையோடு. பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. அழகி மலையாண்டியிடம் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டாளாம், “இந்த வருசமும் உங்க ஆத்தா செத்துப்போனா நான் என்ன செய்யட்டும்?” அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மாப்பிள்ளையை வீரையா விசாரித்து வைத்திருந்தார். அந்த மாப்பிள்ளைக்கு அப்பா, அம்மா இரண்டு பேரும் உயிரோடு, நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பதைத்தான் அவர் முக்கியமாக விசாரித்தாராம். இந்தத் தடவை கல்யாணம் நின்றால் பெண் அங்கேதான் போகும்.

அப்படியிருந்தும் மலையாண்டி ஒத்துக்கொண்டான். குடிதண்ணீர்க் கிணறு வற்றிப்போனதுதான் காரணம். பெண்கள் வெயிலில் அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடந்தார்கள், அங்கேயும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அம்பலம் இந்தத் தடவை அதட்டவில்லை, அவன் மறுபடி எழுப்பியிருந்த கடை வாசலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். ஆள் மாற்றி எரிக்கிறோம் என்று அவருக்கும் தெரியும். “தெரிஞ்ச வைத்தியம் இது ஒண்ணுதேன்” என்றார்.

“உனக்குப் பைத்தியமாடா?” என்று நான் கத்தினேன்.

“எல்லாரும் நாக்கு வறண்டு கெடக்கயில நான் மட்டும் மாலையப் போட்டுக்கிட்டு உக்காரவா, மாப்ளே?” என்றான். அவனை அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பொம்மைக்குக் கட்ட அந்த வருடம் யாரும் சேலை தரவில்லை. முதல் தடவை தந்த வீட்டில் மாடு செத்ததாம், இரண்டாவது தடவை தந்த வீட்டில் கூரை போனதாம். கடைசியில் மலையாண்டியே தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்து வந்தான். பெற்றவளுடையது. அதைக் கட்டியதும், முகம் சட்டிதான் என்றாலும், அந்த வைக்கோலைக் காலால் தள்ளிப் படுக்கவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டு பேர் தோளைப் பிடித்து மெதுவாகக் கிடத்தினார்கள்.

எனக்கு அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. காலையில் தேவகோட்டை போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம், “வீரையா வீட்டுல அழகின்னு ஒரு பொண்ணு. இன்னைக்கு மதியம் அவுக மாமியா சாகப்போறாக, உடனே வரச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பினேன். “இன்னும் சாகலையா?” என்று கேட்டார். “மதியம்தேன்” என்றேன். அவர் நல்ல மனிதர், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஊர்வலம் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது தேவகோட்டை பஸ்ஸும் வந்து நின்றது. அழகி இறங்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஊரில் கால் வைக்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே வீரையா பின்னால் இறங்கினார். பெண்கள் மாரடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அழகி நேராக மலையாண்டியிடம் வந்தாள். அவன் தலை இன்னும் மழிக்கப்படவில்லை, நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“இது யாரு சேலை?”

“எங்க ஆத்தாவோடது.”

அவள் அந்த வெயிலில் தார் ரோட்டில் உட்கார்ந்து, சட்டித் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்க அத்தைய எங்குட்டு இழுத்துக்கிட்டுப் போறீக?”

அம்பலம் முன்னால் வந்தார். “அம்மா, அவ கொடும்பாவி. அவ செத்தாத்தேன் மழை.”

“என்ன பாவம் செஞ்சாக?”

அம்பலம் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அம்பலத்தைப் பார்த்தது. இத்தனை காலத்தில் இதை யாரும் கேட்டதில்லை.

“பாவி இந்த ஊர்லயே இல்லைன்னு சாலமன் சார் சொன்னாகளாமே. தேவகோட்டை பூராம் பேச்சு. அப்புறம் ஒரு பாவமும் அறியாத மனுசிய எதுக்கு வருசா வருசம் கொல்றீக?”

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சாலமன் சாரை முன்னால் இழுத்து விட்டார்கள். “சார், பாவி யாருன்னு தெளிவாச் சொல்லிருங்க. இல்லைன்னா இது தீராது” என்றார் அம்பலம்.

சார் தொண்டையைச் செருமினார். “எரிக்கிறவுக எல்லாரும்தேன். கூட எரிச்சவுகளுக்குக் கூடப் பங்கு. நம்ம பங்கு ரொம்பக் கொஞ்சம். ஆனாலும் டீசல் எரிக்கிற எந்த எஞ்சினுக்கும்...”

ஊர் மொத்தமும் என் ஜெனரேட்டரைத் திரும்பிப் பார்த்தது. அது வண்டியில் நின்று கரும்புகையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அணைத்தேன். அணைத்த பிறகும் என்னைத்தான் பார்த்தார்கள். ராக்காயி மட்டும், “எம்புள்ளைய எரிக்கச் சொல்லிறாதீக சார்” என்றாள்.

“அப்ப இவள எரிச்சாலும் புகைதேன் வரும்” என்றார் அம்பலம் மெதுவாக. “மழைக்காகப் புகைய விட்டு மழையக் கெடுத்திருக்கோம்.” சார் திருத்துவதற்கு வாயெடுத்தார். மடியில் சட்டியோடு உட்கார்ந்திருந்த அழகியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

மிச்சம் வீரையா. எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் குடையை ஊன்றிக்கொண்டு விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

“எரிக்கலைன்னா சாவு இல்ல. சாவு இல்லைன்னா தீட்டு இல்ல.”

“இல்ல மாமா” என்றான் மலையாண்டி.

“அப்ப மாப்பிள்ளைக்குத் தாய் இருக்காகன்னு ஆகுது.”

“ஆமா மாமா.”

“பின்ன புதுக்கோட்டைக்காரனுக்கு மட்டும் என்ன பெருசா வாழுது?” என்றார் வீரையா. நாவிதர் கத்தியை மடக்கிப் பையில் போட்டார்.

கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது. மாப்பிள்ளையின் தாய் உட்கார வேண்டிய நாற்காலியில் அவளை உட்காரவைத்தார்கள். கத்தரிப்பூச் சேலை, சட்டி முகத்தில் புதுப் பொட்டு. சித்தப்பா பக்கத்து நாற்காலியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாலி கட்டி முடித்ததும் பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். மலையாண்டி அந்த வைக்கோல் காலில் விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது. அழகியும் பக்கத்தில் விழுந்து, அவன் எழுகிற வரைக்கும் அப்படியே கிடந்தாள். சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அய்யருக்கு முன்னால் வைத்திருந்த மைக்கில் அவன் அழுகை லேசாக ஏறியது. நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டேன். அது மூன்று ஊருக்குக் கேட்க வேண்டிய அழுகை இல்லை.

பிறகு மழை வந்தது. யாரையும் எரிக்கவில்லை, யாரும் மாரடித்து அழவில்லை, அது பாட்டுக்கு மொத்தமாக வந்தது. கரை போன வருடம் உடைந்த அதே இடத்தில் உடைந்தது. மறுவீட்டு விருந்து முடிந்து மகளைக் கொண்டுவந்து விட வந்த வீரையா அன்றைக்கு இங்கேதான் இருந்தார். தண்ணீர் வீட்டுக்குள் ஏறியபோது மலையாண்டி தகரப் பெட்டியைத் தூக்கினான், அழகி அரிசிப் பானையைத் தூக்கினாள். நான் கயிற்றோடு வாசலில் நின்றேன். வீரையா ஆட்டுக்கல் மேல் ஏறி நின்று சத்தம் போட்டார்.

“பெட்டி போனாப் போகுது, கீழ வைங்க மாப்ளே. சம்பந்தியம்மாவ மொதல்ல தூக்குங்க.”

மலையாண்டி பெட்டியை வைத்துவிட்டு அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டான். இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தான். அந்தக் கத்தரிப்பூ முந்தானை நனையாமல் அழகி பின்னால் பிடித்துக்கொண்டு போனாள்.